வைட்டமின் டி 600 ஐயூ போதும்னு யாரு, எத வச்சு சொல்றாங்க? கேள்வி பதில்

தினமும் எந்த சத்து எவ்வளவு வேணுங்கிற அளவ சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகள முறையா தேடிச் சேத்து அலசுறது) வச்சு எப்படி முடிவு பண்றாங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒவ்வொண்ணா வர்றேன். (ஐயூன்னா வைட்டமின அளக்கிற ஒரு யூனிட்.)

பார்மசி படிக்கிற தம்பி: அக்கா, சிஸ்டமேட்டிக் ரிவ்யூனா நாலு பேப்பர படிச்சு சுருக்கி எழுதுறதுதானே?

இல்லப்பா. யாருக்கு, எவ்வளவு கொடுத்து, எதோட ஒப்பிட்டு, என்ன விளைவ பாக்கப்போறோம்னு கேள்விய முதல்லயே எழுதி வச்சிடணும். எங்க தேடுவோம், எந்த ஆய்வ சேப்போம், எத தள்ளுவோங்கிறதும் முன்னாடியே முடிவாயிடணும். அப்புறம் ரெண்டு பேரு தனித்தனியா உக்காந்து சலிப்பாங்க, ஒத்துப்போகலன்னா பேசித் தீத்துக்குவாங்க. தனக்குப் புடிச்ச பேப்பர மட்டும் பொறுக்கிட்டு வந்து பேசுறது இதுல நடக்காது, அதுக்காகவே எனக்கு இது மேல அவ்வளவு மரியாதை.

கோயம்புத்தூர் அக்கா: என் ரத்த ரிப்போர்ட்ல வைட்டமின் டி 23 (ஒரு மில்லிக்கு நானோகிராம் கணக்கு), பக்கத்துல "இன்சஃபிஷியன்ட்"னு, அதாவது பத்தலன்னு போட்டிருக்கு. ஆனா 20 இருந்தா போதும்னு தம்பி சொல்றான். எதக்கா நம்புறது?

உங்க தம்பி சொல்ற 20 எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்றேன். 2011-ல அமெரிக்காவோட இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் கால்சியத்துக்கும் வைட்டமின் டி-க்கும் புது அளவு வச்சாங்க. அதுக்கு அடிப்படையா 2007-ல கனடாவோட ஒட்டாவா குழு ஒண்ணு, 2009-ல அமெரிக்காவோட டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டி குழு ஒண்ணுன்னு ரெண்டு பெரிய ரிவ்யூ கையில இருந்துச்சு. கேன்சர், ஹார்ட், சுகர், எதிர்ப்பு சக்தி எல்லாத்தையும் பாத்தாங்க, கடைசில எலும்பு விஷயத்துல மட்டுந்தான் ஒரு நம்பர் வைக்கிற அளவுக்கு ஆதாரம் ஒழுங்கா நின்னுச்சு. ரத்தத்துல 16 இருந்தா பாதிப் பேருக்குப் போதும், அதுக்கு தினமும் 400 ஐயூ. 20 இருந்தா கிட்டத்தட்ட எல்லாருக்கும் போதும், அதுக்கு 600, எழுபது தாண்டினவங்களுக்கு 800. 30-க்கு கீழ கம்மிங்கிறது அதே வருஷம் எண்டோக்ரைன் சொசைட்டிங்கிற ஹார்மோன் டாக்டருங்க சங்கம் சொன்ன கணக்கு, அத அவங்களே 2024 கைட்லைன்ல கைவிட்டுட்டாங்க. அதனால 23-ஐ மட்டும் பாத்து பயந்துக்காதீங்க. ஆனா இதெல்லாம் ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கான அளவு, எலும்பு வலியோ கிட்னி பிரச்சனையோ இருந்தா டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்.

பார்மசி தம்பி மறுபடியும்: அப்போ 600-னு அந்த ரிவ்யூவே சொல்லிடுச்சா?

நல்ல கேள்வி, நிறைய பேர் குழப்பிக்கிற இடமே இதுதான். ரிவ்யூ சொல்லாது. ஆதாரம் எவ்வளவு இருக்கு, எவ்வளவு பலமா இருக்குங்கிறதோட அதோட வேலை முடிஞ்சுது. நம்பர் வைக்கிறது இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசினோட கமிட்டி. பெரும்பாலான ஆய்வு அதிகம் எடுத்தவங்களையும் கம்மியா எடுத்தவங்களையும் ஒப்பிட்டு நின்னுடும், ஆனா அளவு வைக்கணும்னா எவ்வளவுக்கு எவ்வளவு பலன்னு ஒரு கோடு தெரியணும். வெயிலே அதிகம் படாத ஆளுன்னு வச்சுக்கிட்டுதான் 600 போட்டாங்க. அது ரிவ்யூல வந்த உண்மை இல்ல, கமிட்டி எடுத்த முடிவு, ஆனா வெளிப்படையா எழுதி வச்சிருக்காங்க, அதனால ஒத்துக்காதவங்க அந்த இடத்தைக் காட்டி சண்டை போடலாம்.

ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தங்க: மாத்திரைக்கு பண்ற மாதிரியே சத்துக்கும் ட்ரையல் பண்ணி பாத்துட வேண்டியதுதானே?

மாத்திரைன்னா ஒரு குரூப்புக்கு அது சுத்தமா கிடையாதுன்னு வைக்கலாம், சத்துல அது முடியாதும்மா, எல்லார் உடம்புலயும் ஏற்கனவே கொஞ்சம் இருக்கும். வைட்டல்னு ஒரு ட்ரையல், 25,871 பேரு, தினமும் 2000 ஐயூ. கேன்சரும் குறையல, மாரடைப்பும் குறையல, 2022-ல எலும்பு முறிவும் குறையலன்னு வந்துச்சு. ஆனா ரத்தம் டெஸ்ட் பண்ணவங்களோட சராசரி ஆரம்பத்துலயே 30-க்கு மேல! நெறஞ்ச குடத்துல ஊத்திட்டு தண்ணி ஏறலையேன்னு கேக்க முடியுமா? நல்லா இருக்கறவங்களுக்கு மேல மேல கொடுத்து பலன் இல்லன்னு இது காட்டுது, நெசமாவே குறைஞ்சவங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல. ரிவ்யூ பண்றவங்க ஆரம்ப அளவப் பிரிச்சுப் பாக்கலன்னா ரெண்டு கூட்டத்தையும் ஒண்ணா கலந்துடுவாங்க, எனக்கு ரொம்ப கவலை தர்ற விஷயம் இது.

பி.பி. இருக்கற அண்ணன்: உப்புக்கும் இப்படி பாத்திருக்காங்களா?

பாத்திருக்காங்கண்ணா. 2019-ல அமெரிக்காவோட நேஷனல் அகாடமிஸ் தினமும் சோடியம் 2300 மில்லிகிராமுக்கு மேல போனா குறைச்சுக்கங்கன்னு சொன்னாங்க, உப்பா பாத்தா கிட்டத்தட்ட ஆறு கிராம், ஒரு டீஸ்பூன். அதே ரிப்போர்ட்ல பொட்டாசியத்த 4700-லேருந்து ஆம்பளைங்களுக்கு 3400, பொம்பளைங்களுக்கு 2600-னு இறக்கிட்டாங்க, பழைய நம்பர தாங்க ஆதாரம் பத்தலன்னு.

சத்துணவு வேலைல இருக்கற தங்கச்சி: நம்ம ஊர்ல பொண்ணுங்களுக்கு தினமும் இரும்பு 29 மில்லிகிராம், அமெரிக்காவுல 18. ஏங்க்கா இவ்வளவு வித்தியாசம்?

29-ங்கிறது ஹைதராபாத் என்.ஐ.என்., அதாவது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2020-ல சொன்னது (1918-ல நம்ம குன்னூர்ல ஆரம்பிச்ச இடம்தான் அது). அரிசி, கோதுமை, பருப்புல ஃபைட்டேட்னு இரும்ப புடிச்சு வச்சுக்கிற பொருள் இருக்கறதால இரும்பு கொஞ்சந்தான் உடம்புல சேரும், அதான் கூட வைக்கிறாங்க. இதோட இன்னொண்ணும் தெரிஞ்சுக்கம்மா, 29-ங்கிறது கிட்டத்தட்ட எல்லாருக்கும் போதுமான அளவு, சராசரித் தேவை 15-தான். ஒரு ஊர்ல எத்தனை பேருக்கு பத்தலன்னு கணக்கு எடுக்கறப்ப 15-ஐ வச்சுதான் பாக்கணும், 29-ஐ வச்சா நல்லா சாப்பிடுறவங்களும் குறைபாடு லிஸ்ட்ல விழுந்துடுவாங்க. உங்க ரிப்போர்ட்ல எந்த நம்பர் போட்டிருக்காங்கன்னு ஒரு தடவை பாத்துடு.