90 கிலோமீட்டர் வேகத்தில் உதறும் பழைய வண்டி: டயரா, ஷாஃப்டா?

கேள்வி: எங்களுடையது 14 ஆண்டுகள் ஓடிய, பின்சக்கரங்களால் இயங்கும், ஏழு பேர் அமரும் பெரிய வண்டி. 80 கிலோமீட்டர் வேகம் வரை ஒரு குறையும் இல்லை. 85-ஐத் தாண்டியதும் இருக்கையும் தரையும் அதிர்கின்றன, 100-ஐ நெருங்கும்போது சற்றே தணிகிறது. ஸ்டீயரிங் ஆடுவதில்லை. இருமுறை வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தும் பயனில்லை. மெக்கானிக் புரொப்பெல்லர் ஷாஃப்டை (இன்ஜினின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு) மாற்றச் சொல்கிறார். டயர் கடைக்காரர் நான்கு டயர்களையும் மாற்றச் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். அலைன்மென்ட் பிசகிய வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயரை ஓரமாகத் தேய்க்கும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் உதறலுக்கு அது காரணமாவது அரிது என்பதால், நீங்கள் இருமுறை செலவழித்தது வேறொரு நோய்க்கான மருந்துக்கு.

நெரிசலில்லாத நேரான சாலையில், அதிர்வு வரும் அதே வேகத்தை ஒரு கியர் குறைத்துப் பிடித்துப் பாருங்கள். இன்ஜினின் சுழற்சி கூடியும் அதிர்வு மாறாமல் நின்றால், இன்ஜினை விட்டுவிடலாம். பழுது சக்கரத்திலோ ஷாஃப்டிலோ இருக்கிறது. இவ்விரண்டையும் உடம்பே பிரித்துச் சொல்லிவிடும். 75 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் 90 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 10 முறைக்குச் சற்று மேல் சுழல்கிறது. பின் ஆக்சிலின் பல் விகிதம் ஏறத்தாழ 4 என்றால், அதாவது சக்கரம் ஒருமுறை சுழல ஷாஃப்ட் நான்கு முறை சுழல வேண்டுமென்றால், ஷாஃப்ட் அதே நொடியில் 40 முறைக்கு மேல் சுழலும். ஆகவே இருக்கை குலுங்கினால் டயரையும், பாதத்தின் அடியில் வண்டு இரைவதைப் போன்ற நடுக்கம் இருந்தால் ஷாஃப்டையும் முதலில் சந்தேகியுங்கள்.

டயரை உறுதிசெய்யச் செலவில்லாத வழி, பின்சக்கரங்களை முன்னும் முன்சக்கரங்களைப் பின்னும் மாற்றி ஓட்டுவது. உதறல் ஸ்டீயரிங்குக்கு வந்துவிட்டால், இப்போது முன்னால் இருக்கும் அந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். அப்போது ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள்: காய்ந்து இறுகிய சேறும், சக்கரத்தின் எடையைச் சமன்செய்ய ஒட்டிய ஈய எடை கழன்றுபோன இடத்தில் எஞ்சிய சதுரப் பசைத்தடமும் பலமுறை அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்படியானால் சேற்றை நீக்கி, எடையை மீண்டும் சமன்செய்யும் பேலன்சிங் மட்டுமே போதும். அதன் பிறகும் குறையாவிட்டால், சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் மேற்பரப்புக்கு அருகே ஒரு குச்சியை அசையாமல் பிடியுங்கள். இடைவெளி ஒரே இடத்தில் சுருங்கி விரிந்தால் டயர் உள்ளே பிரிந்து புடைத்திருக்கிறது என்று பொருள். அந்த டயரில் நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது.

சக்கரங்களை மாற்றியும் அதிர்வு தரையிலேயே நின்றால் மெக்கானிக் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் முழு ஷாஃப்ட் தேவைப்படுவது குறைவு. வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள்; ஷாஃப்டின் மூட்டிலுள்ள சிலுவை வடிவ இணைப்பான கிராஸின் மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது, கிராஸை மட்டும் மாற்றலாம். உங்கள் ஷாஃப்ட் இரு துண்டானது என்றால் நடுவிலுள்ள பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள். ஷாஃப்டை முன்பு யாராவது கழற்றியிருந்தால், மறுபடி பூட்டும்போது இரு பகுதிகளின் அம்புக்குறிகளும் நேருக்கு நேர் சேராமல் போயிருக்கலாம். அதைச் சரிசெய்ய எந்த உதிரிபாகமும் வேண்டாம்.

டயர்தான் என்று முடிவானால், பக்கவாட்டில் அச்சிட்ட, DOT எனத் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்த பிறகே வாங்குங்கள்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.