அயனி பாய்ச்சிய வெள்ளி–சிலிக்கா படலத்தில் உச்சம் ஏன் நீலப்பக்கம் நகர்கிறது?

கேட்டது இதுதான்: ராமேஸ்வரம் பக்கத்து ஆய்வகம் ஒன்று, வெள்ளி நுண்துகள் பொதிந்த சிலிக்கா படலத்துக்கு டெல்லியில் உள்ள பெல்லட்ரான் என்ற துகள் முடுக்கியில் 100 எம்இவி (10 கோடி எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுள்ள வெள்ளி அயனியைப் பாய்ச்சி வாங்கியிருக்கிறது. அளவு சதுர செ.மீ.க்கு 10¹³ அயனி. துகள் நீளும், ஒளி உறிஞ்சல் உச்சம் சிவப்புப்பக்கம் (நீண்ட அலைநீளம்) போகும் என்று பார்த்தால், 410 நா.மீ. (நானோமீட்டர்) நீலப்பக்கம் நகர்ந்து 400 ஆகிவிட்டது. ஒரு மாதம் கழித்து உச்சத்தின் உயரமும் பாதி.

நீளவே இல்லை என்று அவசரப்படாதீர்கள். துகள் நீள்வது அயனி போன திசையில், அதாவது படலத்துக்குச் செங்குத்தாக. ஸ்பெக்ட்ரோமீட்டரில் சாம்பிளை நேராக நிறுத்தினால் ஒளியின் மின்புலம் படலத்தின் தளத்திலேயே ஆடும். துகளின் எலக்ட்ரான்கள் குறுக்காக ஆடும் அலைவு மட்டும்தான் தெரியும், அது நீலப்பக்கம்தான் போகும். சாம்பிளை 45 டிகிரி சாய்த்து பி-போலரைஸ்டு ஒளியில் (மின்புலத்தின் ஒரு பகுதி படலத்துக்குச் செங்குத்தாகவும் ஆடும்) எடுங்கள். நீண்டிருந்தால் 400 நா.மீ.யை விட நீண்ட அலைநீளத்தில் உச்சத்தை ஒட்டி ஒரு தோள் எழும்பும். எஸ்-போலரைஸ்டுக்கு (மின்புலம் தளத்திலேயே ஆடும்) மாற்றினால் அது மறைய வேண்டும். மறையாவிட்டால் அது நீட்சி அல்ல. 10 நா.மீ.க்குக் கீழான துகள்கள் நீள்வதை விடக் கரைவதுதான் அதிகம். அப்போதும் உயரம் குறையும். குறுக்குவெட்டு டெம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் இல்லாமல் இதை முடிவாகச் சொல்ல முடியாது.

அடுத்து, 10¹³ உண்மையிலேயே 10¹³ தானா? பலர் சறுக்கும் இடம் இது. மீட்டர் காட்டுவது மின்னோட்டம், அயனி எண்ணிக்கை அல்ல. 8+ அயனி (எட்டு எலக்ட்ரானை இழந்தது) என்றால் 8 நானோ ஆம்பியர்தான் 1 துகள் நானோ ஆம்பியர் (மின்னோட்டத்தை அயனியின் மின்சுமையால் வகுத்தது), அதாவது நொடிக்கு 6.25×10⁹ அயனி. 1 சதுர செ.மீ. ஸ்கேனில் 10¹³ சேர 1,600 நொடி, ஏறக்குறைய 27 நிமிடம். 8-ஆல் வகுக்க மறந்தால் 200 நொடியில், மூன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேலே, நிறுத்திவிடுவீர்கள். அவசரத்தில் மின்னோட்டத்தை ஏற்றவும் வேண்டாம்: 1 துகள் நானோ ஆம்பியரே 0.1 வாட் சூடு. தாங்கியில் சரியாக ஒட்டாத சாம்பிளில் துகள்கள் வெறும் சூட்டிலேயே பெருத்துவிடும்.

அயனி படலத்தைத் துளைத்துப் பத்து மைக்ரானுக்கு மேல் அடித்தளத்துக்குள் போய்த்தான் நிற்கும். சாதாரணக் கண்ணாடியென்றால் அதுவே பழுப்பேறி அளவீட்டைக் கெடுக்கும். குவார்ட்ஸ் தகடு போடுங்கள். படலம் இல்லாத தகடு ஒன்றையும் கூடவே பாய்ச்சி, ஒப்பிட்டுக் கழிக்கும் பேஸ்லைனாக வையுங்கள்.

உயரம் பாதியானதற்கு என் முதல் சந்தேகம் அயனி மேல் இல்லை, காற்று மேல். கரையில் ஒதுங்கிய கடற்பாசி அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். உப்புக் காற்றில் குளோரைடு. மேற்பரப்பையொட்டிய வெள்ளிக்கு இரண்டுமே ஆகாது. சல்ஃபைடு படிந்தால் உச்சம் குட்டையாகி, அகன்று, சிவப்புப்பக்கம் சரியும். சிலிக்கா ஜெல் முக்கியமாக ஈரத்தைத்தான் பிடிக்கும்; சல்ஃபைடுக்குச் செயலூட்டிய கரியும் டெசிகேட்டருக்குள் (சாம்பிளை உலர்வாக வைக்கும் மூடிய கலம்) வேண்டும். அடுத்த முறை படலத்தின் மேல் 20 நா.மீ. வெறும் சிலிக்கா போர்த்தி அனுப்புங்கள். அதே படலத்தில் ஒரு துண்டைப் பாய்ச்சாமல் அதே டெசிகேட்டரில் வைத்து, அதே நாட்களில் அளந்து வாருங்கள். அந்தத் துண்டும் இறங்கினால் குற்றவாளி காற்றுதான்.