ஸ்லாக்கன், இம்பீட், ரிடார்ட்: எது எங்கே வரும்?

தம்பி, கப்பல் வேலைத் தேர்வுக்குப் படிக்கையில் ஸ்லாக்கன், டிசெலரேட், ரிடார்ட், டிலே, இம்பீட் என்ற ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பாம்பன்காரர் என்பதால் உங்கள் கால்வாயை வைத்தே சொல்கிறேன்.

விசைப்படகு பாலத்தை நெருங்கும்போது ஓட்டுபவர் எஞ்சின் வேகத்தைக் குறைக்கிறாரே, அது ஸ்லாக்கன். கடலில் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க வகுத்த 1972 சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் 8ஆம் விதி இந்தச் சொல்லைத்தான் போடுகிறது.

இம்பீட் வேறு. அது அடுத்தவர் போகிற வழியை மறிப்பது. 20 மீட்டருக்குக் குறைவான படகு, குறுகிய கால்வாய்க்குள் மட்டுமே பத்திரமாகப் போக முடிகிற கப்பலை இம்பீட் செய்யக் கூடாது என்கிறது 9ஆம் விதி. தூக்குப் பாலம் உயர்ந்து கப்பல் நுழையும் நேரத்தில் நடுவே ஒரு வள்ளம் வலையோடு நின்றால், அது அசையாமல் நின்றாலும் இம்பீட்தான். நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

டிலே நேரத்தைப் பற்றியது. பாலம் தூக்கும்வரை கப்பல் காத்துக் கிடப்பது டிலே. டிசெலரேட், பள்ளி இயற்பியலில் படித்த எதிர் முடுக்கம், அவ்வளவுதான். ரிடார்ட் என்பதை எஞ்சின் டைமிங்கை, அதாவது எரிபொருள் பற்றும் நேரத்தை, பின்தள்ளுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களைப் பற்றிச் சொன்னால் அது கேவலமான வசவு, தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், 8, 9 இரண்டு விதிகளையும் ஆங்கிலத்திலேயே வாய்விட்டுப் படியுங்கள், கேட்டால் அதே சொல்லில் பதில் வர வேண்டும்.