எச்ஐவி உள்ளவருக்கு ஆபரேஷன்: ஒரு சர்ஜனிடம் கேள்வி பதில்

பயிற்சி மருத்துவர்: நேற்று ராத்திரி தையல் போடும்போது ஊசி விரலில் குத்திவிட்டது. நோயாளி பாசிட்டிவ். தூக்கமே வரவில்லை.

இன்னும் மருந்து ஆரம்பிக்கவில்லை என்றால் இப்போதே கிளம்புங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். தடுப்பு மருந்தை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். பெரும்பாலும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். 28 நாள், ஒரு வேளை கூட விடக்கூடாது.

பயத்துக்கு ஒரு அளவு சொல்கிறேன். எச்ஐவி ரத்தம் பட்ட ஊசி 1000 முறை குத்தினால் சராசரியாக 3 பேருக்குத் தொற்றலாம். அதிக ஆபத்து, ரத்தக் குழாயிலிருந்து எடுத்த துளையுள்ள ஊசி ஆழமாகக் குத்தும்போதுதான். தையல் ஊசியில் துளை கிடையாது, கையுறையும் ரத்தத்தைத் துடைத்துவிடும். நோயாளி எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையில் இருந்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் குறைவு. அதே ஊசியில் ஹெபடைட்டிஸ் பி இருந்து, நீங்கள் தடுப்பூசி போடாதவராக இருந்தால் 100-க்கு 30 பேர் வரை தொற்றலாம். அதற்கு யாரும் தூக்கம் கெடுவதில்லை. அந்தப் பரிசோதனைகளையும் சேர்த்துச் செய்யுங்கள்.

காயத்தைப் பிதுக்காதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள். சோப்பும் தண்ணீரும் போதும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள்.

ஹெர்னியா நோயாளி: ஆறு வருடமாக ஏஆர்டி, வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்த சர்ஜன் "வேறு இடம் பாருங்கள்" என்கிறார். புண் ஆறாதாமே?

ஆறும். வைரஸ் கட்டுக்குள் இருந்து, சிடி4 எண்ணிக்கை (எதிர்ப்புச் சக்தி தரும் ரத்த அணுக்களின் அளவு) 200-க்கு மேல் இருந்தால் உங்கள் புண்ணும் மற்றவர்கள் புண்ணைப் போலத்தான் ஆறும். உங்களைத் திருப்பி அனுப்ப மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னதும் பலர் மனம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷன் அன்றும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கலாமா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். என்னென்ன மாத்திரை என்று அவரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள். ரிடோனாவிர் என்ற எச்ஐவி மருந்து அதில் சேர்ந்திருந்தால், ஆபரேஷனில் தூக்கத்துக்குக் கொடுக்கும் மிடசோலம், வலிக்குக் கொடுக்கும் ஃபென்டனில் இரண்டின் வேகமும் உடம்பில் ஏறிவிடும். மறைத்தால் உங்களுக்குத்தான் ஆபத்து. விரட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் மறைக்கிறார்கள், அந்தப் பயத்தை உண்டாக்கியது நாங்கள்தான்.

செவிலியர்: பாசிட்டிவ் கேஸுக்குப் பிறகு தியேட்டரை ஒரு நாள் மூட வேண்டுமா?

வேண்டாம். எல்லா கேஸுக்கும் செய்கிற அதே சுத்தம் போதும்.

மூத்த சர்ஜன்: எல்லோருக்கும் முன்கூட்டியே டெஸ்ட் எடுத்தால் என்ன? தெரிந்தால் கூடுதல் கவனமாக இருப்பேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

அந்தக் கூடுதல் கவனம் என்ன? இரட்டைக் கையுறை, கண்ணாடி, கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் தட்டில் வைத்து எடுப்பது. சரி, அடுத்த நோயாளிக்கு ஏன் அதையெல்லாம் கழற்றுகிறீர்கள்? தொற்றிய புதிதில் டெஸ்ட் நெகட்டிவ் என்றே வரும், ஆனால் அப்போதுதான் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகம். நெகட்டிவ் சீட்டை நம்பி ஒற்றைக் கையுறையோடு நிற்பவரை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

அவரே மறுபடியும்: இரட்டைக் கையுறையில் விரலுக்கு உணர்வே இருக்காது. பேசுவது சுலபம்.

பேச்சுக்குச் சொல்லவில்லை, நான் எல்லா கேஸுக்கும் போடுகிறேன். உள்ளே அரை அளவு பெரியதைப் போடுங்கள், கொஞ்ச நாளில் பழகிவிடும். வெளிக் கையுறை ஓட்டையானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் தப்பிவிடும். தசையைத் தைக்க மழுங்கிய முனை ஊசியே இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

டெஸ்ட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, அவர் சிகிச்சைக்காக எடுங்கள். ஒரு வார்டில் கட்டிலின் கால்மாட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பார்க்க வந்த மைத்துனர் அதைப் படித்துவிட்டு, வாங்கி வந்த பழத்தை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். அந்த ஸ்டிக்கரால் எந்த சர்ஜனின் விரலுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது?

இன்னொரு சர்ஜன்: மூத்த சர்ஜன் சொல்வதும் நியாயம்தானே? குறைந்தபட்சம் பாசிட்டிவ் நோயாளியை அன்றைய கடைசி கேஸாக வைக்கலாமே.

முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிடாதவரைச் சாயங்காலம் வரை பட்டினி போடுவதைத் தவிர அதில் ஒரு பலனும் இல்லை. சர்க்கரை நோயும் இருந்தால் இன்னும் மோசம். சுத்தம் செய்கிற முறை ஒன்றுதான் எனும்போது வரிசை எதற்கு?

மாணவர்: பாசிட்டிவ் நோயாளியின் ஊசி குத்தினால் என்ன செய்வது?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஒரு வாசகர்: கொசு கடித்தால் எச்ஐவி பரவுமா?

பரவாது.

மகப்பேறு மருத்துவர்: பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு. நோயாளி ரிடோனாவிர் எடுக்கிறார். எதைத் தவிர்க்க?

நல்ல கேள்வி. மெத்தில் எர்கோமெட்ரின் வேண்டாம், ரத்தக் குழாய்கள் கடுமையாகச் சுருங்கிவிடும். ஆக்ஸிடோசின் கொடுக்கலாம், மிசோப்ரோஸ்டாலும் கொடுக்கலாம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் மாத்திரைப் பெயர்களை எழுதி வையுங்கள், ராத்திரி டியூட்டி டாக்டர் கண்ணில் படட்டும்.

லேப் பணியாளர்: ஊசிக்கு மூடி போட்டே பழகிவிட்டோம், ஒரு கையால் போட்டால்...

போடாதீர்கள். ஊசிப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்றால் அதைக் கேட்டு வாங்கி வைத்த பிறகு ரத்தம் எடுங்கள்.