சொகுசு யாட்டுகள் கடலுக்குச் செய்யும் கெடுதலை உண்மையிலேயே குறைக்க முடியுமா?

ஐம்பது மீட்டர் நீள யாட், அதாவது உல்லாசப் படகு ஒன்றின் இன்ஜின் ரூமில் மூன்று கோடைக்காலம் வேலை பார்த்தேன். பால்மா, இபிசா, ஃபார்மென்டெரா என்று ஸ்பெயினின் பலேயாரிக் தீவுகளைச் சுற்றியேதான் பிழைப்பு. முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லோரும் கைகாட்டும் இடம் வேறு, டீசல் போகும் இடம் வேறு.

பெரிய இன்ஜின்தான் குடிக்கிறது என்று நினைப்போம். ஓடினால் குடிக்கும்தான். ஆனால் இந்தப் படகுகள் வருஷத்தில் பெரும்பகுதி நின்றுகொண்டுதான் இருக்கும். படகு நின்றாலும் ஜெனரேட்டர் நிற்காது. ஏசி, ஃப்ரீசர், சலவை, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம்... எங்கள் படகு நங்கூரம் போட்டுச் சும்மா நிற்கும் நாளிலேயே 600 லிட்டர் டீசல் காலியாகும். லிட்டருக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று போட்டுப் பாருங்கள், ஒன்றரை டன்னைத் தாண்டும்.

விருந்தினர்களுக்குக் கடல் காற்றும் வேண்டும், 19 டிகிரி ஏசியும் வேண்டும். பின்பக்கக் கண்ணாடிக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். எங்கள் சீஃப் இன்ஜினியர் அதில் ஒரு சென்சார் மாட்டினார். கதவு இரண்டு நிமிஷம் திறந்திருந்தால் அந்த அறையின் ஏசி தானாக நின்றுவிடும். அன்றிரவு இரண்டாவது ஜெனரேட்டரைப் போடவே இல்லை. முதலாளிக்கு இன்றுவரை தெரியாது.

ஹைட்ரஜன் படகு பற்றிக் கேட்பீர்கள். 2024-இல் நெதர்லாந்தின் ஃபெட்ஷிப் நிறுவனம் அப்படி ஒன்றை நீரில் இறக்கியது. கிட்டத்தட்ட 119 மீட்டர். மைனஸ் 253 டிகிரியில் நான்கு டன் திரவ ஹைட்ரஜன். அருமையான பொறியியல். ஆனால் அந்த நான்கு டன்னை வைத்துக்கொண்டு கடலைக் கடக்க முடியாது. நின்ற இடத்தில் சத்தமில்லாமல் விளக்கும் ஏசியும் ஓட்டலாம். பாதி நீளத்தில் கட்டியிருந்தால் ஹைட்ரஜன் இல்லாமலே நிறைய மிச்சம்! அதைச் சொன்னால் வேலை போய்விடும். 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரிய சரக்கு, பயணிகள் கப்பல்களிடம் கார்பனுக்குக் காசு கேட்கிறது. சொந்த உல்லாசத்துக்கு ஓடும் யாட் அந்தக் கணக்கில் வராது.

அப்புறம் நங்கூரம். ஒரு நாள் சங்கிலியை இழுத்தபோது, கண்ணிக்குக் கண்ணி தேங்காய் நார் மாதிரி பழுப்பு வேரும் பச்சை நாடாவும் தொங்கிக்கொண்டு வந்தன. பொசிடோனியா ஓசியானிகா, மத்தியதரைக் கடலில் மட்டுமே வளரும் கடற்புல். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். நங்கூரம் ஓரிடத்தைத்தான் கிழிக்கும். காற்று திரும்பத் திரும்பப் படகும் சுற்ற, சங்கிலி ஒரு வட்டத்தையே மழித்துவிடும். இபிசாவின் புல்வெளிகள் 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. பலேயாரிக் அரசு 2018-இல் புல் மேல் நங்கூரம் போடவே தடை போட்டது. பிரான்ஸின் மத்தியதரைக் கரையிலும் 24 மீட்டரோ அதற்கு மேலோ உள்ள படகுகள் புல் மேல் நங்கூரம் போடத் தடை உண்டு. எங்கே மணல், எங்கே புல் என்று காட்ட டோனியா என்றொரு செயலி இருக்கிறது (தோணி என்று படித்துவிடாதீர்கள்).

அந்தச் சங்கிலியைப் பார்த்த பிறகு எங்கள் கேப்டன் மணல் திட்டு கிடைக்கும்வரை அரை மணி நேரமானாலும் வட்டமடிப்பார். கரையிலிருந்து ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று ஒரு விருந்தினர் முகம் சுளித்தார். மதியச் சாப்பாடு வந்ததும் மறந்துவிட்டார்.