மூணு செல்லோ பசங்க, ஒரே ஷீட்: என் பதில்

செல்லோ (முழங்காலுக்கு நடுவுல வெச்சு வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) சொல்லிக் கொடுக்கிற நீங்க கேட்டது: புதுசா வந்த ஒரு பையன், ஒரு வருஷம் வாசிச்ச ஒரு பையன், பாக் வாசிச்சுத் திணறுற ஒரு பொண்ணு, மூணு பேருக்கும் ஒரே ஷீட் (இசைக்குறிப்புத் தாள்) கொடுக்கலாமா? வேண்டாம். புதுசா வந்த எட்டு வயசுப் பையனுக்கு காலித் தந்தியும் (விரல் வைக்காம வாசிக்கிறது) டி மேஜர் ஸ்கேலும் போதும். ஒரு வருஷம் வாசிச்ச பையனுக்கு செபாஸ்டியன் லீயின் ஓபஸ் 70 (அவரோட படைப்பு எண்): 40 பயிற்சி, எல்லாம் முதல் பொசிஷன், அதாவது கை கழுத்தோட மேல் முனைகிட்டயே இருக்கும். இரண்டாவது செல்லோ வரியும் உண்டு, அதை நீங்க வாசிங்க. காப்புரிமை முடிஞ்சது, பக்கத்துக் கடையிலயே பிரிண்ட் எடுத்துக்கலாம்.

பாக்கோட முதல் செல்லோ சூட்ல (நடன இசைத் தொகுப்பு) அந்தப் பொண்ணு திணறுறதுக்குக் காரணம் வேகம் இல்ல, எக்ஸ்டென்ஷன்னு (விரலை வழக்கத்தைவிட விரிச்சு நீட்டுறது) நினைக்கிறேன். ஏ தந்தியில பி ஃப்ளாட் ஸ்வரத்தை வாசிக்கச் சொல்லுங்க. ஆள்காட்டி விரல் பின்னால நீளும்போது கட்டைவிரலும் கூடவே நகர்ந்தா, சூட்டை ஆறு மாசம் மூடி வைங்க.

ஷீட் வாங்கும்முன் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்க. டெனர் கிளெஃப் (உயர்ந்த ஸ்வரங்களுக்கு வரி தொடக்கத்துல போடுற வேற குறி) தலைகாட்டினா அது தொடக்கநிலைக்கு இல்ல, அட்டையில 'ஈஸி'ன்னு போட்டிருந்தாலும்.

ஒரு எச்சரிக்கை: பழைய பதிப்புல இருக்கிற விரல் எண்கள் பெரியவங்க கைக்கு எழுதினவை. அரை சைஸ் (சின்னப் பசங்களுக்கான சிறிய) செல்லோ வாசிக்கிற பையனுக்கு பென்சிலால மாத்திக் கொடுங்க. கர்நாடக வயலின்ல இருந்து வர்ற பசங்க காதால பிடிச்சுடுவாங்க, ஷீட்டைப் பார்த்துப் படிக்கிற மாதிரி நடிப்பாங்க. நடுவுல ஒரு பாரை (ரெண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவுல உள்ள பகுதி) காட்டி அங்கிருந்து தொடங்கச் சொன்னா தெரிஞ்சுடும்.