பனிமலையை வாங்குகிறவர்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன், அமெரிக்காவின் பனிச்சறுக்கு மலைகளை இரண்டே கம்பெனிகள் வளைத்துப் போட்டுக்கொண்டிருக்கின்றன என்று. இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை, நம் பக்கத்தில் டென்வரிலோ சியாட்டிலிலோ ஒரு பிள்ளை இல்லாத வீடு குறைவு. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

என் மகன் டென்வரில் இருக்கிறான். ஆகஸ்ட் மாதமே கிட்டத்தட்ட ஆயிரம் டாலர் கட்டிப் பனிச்சறுக்கு பாஸ் வாங்கிவிட்டான். பனி விழுவது குளிர்காலத்தில். இது என்ன வியாபாரம்? (காரைக்குடி வாசகர்)

ஐயா, நீங்கள் கேட்டிருப்பதுதான் மொத்த வியாபாரமும். மலை, லிஃப்ட், ஹோட்டல் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

நம் மானாவாரி நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாய் நிறையுமா நிறையாதா என்று தெரியாமல் விதைக்கிறோம். பனிமலை நடத்துகிறவர் நிலையும் அதேதான். பனி விழாத வருஷம் ஜனவரியில் கல்லா காலி, ஆனால் சம்பளமும் கரண்ட் பில்லும் வங்கித் தவணையும் நிற்காது. 2008இல் வேல் ரிசார்ட்ஸ் என்ற கம்பெனி எபிக் பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, விலை 579 டாலர், அவர்களுடைய எல்லா மலைகளிலும் சீசன் முழுக்கச் சறுக்கலாம், ஆனால் பனி விழுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். கூடவே, அன்றன்றைக்கு கவுண்டரில் வாங்கும் டிக்கெட்டின் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். இன்று வேல் மலையில் கூட்டமான நாளில் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டுகிறது. நாலு நாள் சறுக்குகிறவன் பாஸ் வாங்காமல் என்ன செய்வான்? இப்போது அவர்கள் ஒரு சீசனுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பாஸ் விற்கிறார்கள். அறுவடைக்கு முன்பே நெல்லுக்குப் பணம் வந்துவிட்டது, இனி மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வீடு தாங்கும்.

மலைகளை ஏன் வாங்கிக் குவிக்கிறார்கள் என்பதற்கும் இதுதான் விடை. ஒவ்வொரு புது மலையும் அந்தப் பக்கத்து ஜனங்கள் பாஸ் வாங்க ஒரு காரணம். சிகாகோவுக்குப் பக்கத்தில் வில்மட் என்று ஒரு குன்று இருக்கிறது, உயரம் 70 மீட்டர் அளவுதான், நம் குன்றக்குடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் 2016இல் வாங்கினார்கள். அங்கே சறுக்கப் பழகுகிற பிள்ளை பெரியவனாகி அதே பாஸில் கொலராடோவுக்குப் பறப்பான் என்பது கணக்கு. என் மனசுக்கு, இந்தத் தொழிலில் நடந்த எல்லாக் கிரயத்திலும் கெட்டிக்காரத்தனமானது அந்தச் சின்னக் குன்றை வாங்கியதுதான்.

யாரிடம் எத்தனை மலை இருக்கிறது? (புதுவயல் வாசகர்)

சுருக்கமாகச் சொல்கிறேன். வேல் ரிசார்ட்ஸ் கையில் நாலு நாடுகளில் 42. அல்டெரா மவுண்டன் கம்பெனி கையில் சுமார் 20, அவர்கள் விற்பது ஐகான் பாஸ், 2018இல் தொடங்கியது. அதில் தங்கள் மலைகளோடு மற்றவர்கள் மலைகளையும் ஒப்பந்தம் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். பெரிய கிரயங்கள் என்றால் வேல் கம்பெனி 2016இல் கனடாவின் விஸ்லர் பிளாக்கோமை 140 கோடி கனடா டாலருக்கு வாங்கியது, 2019இல் பீக் ரிசார்ட்ஸை 26 கோடி 40 லட்சம் டாலருக்கு வாங்கி ஒரே கையெழுத்தில் 17 இடங்களைச் சேர்த்தது. எதிர்ப்பக்கம் கேஎஸ்எல் என்ற முதலீட்டு நிறுவனமும் ஆஸ்பென் மலையை வைத்திருக்கும் கிரவுன் குடும்பமும் சேர்ந்து 2017இல் இன்ட்ராவெஸ்ட் என்ற மலைக் கம்பெனியைச் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கினார்கள், அதிலிருந்து பிறந்ததுதான் அல்டெரா. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 700க்கும் மேற்பட்ட பனிச்சறுக்கு இடங்கள் இருந்தன, இன்று 500க்கும் குறைவு.

குத்தகைக் கடிதம் சில நாள் தாமதமானதால் ஒரு மலையே கைமாறியது என்று என் பேரன் சொல்கிறான். நம்பலாமா? (பள்ளத்தூர் வாசகர்)

நம்பலாம். யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்ற ஊர், பழைய வெள்ளிச் சுரங்க பூமி. அங்கே பவ்டர் என்ற கம்பெனி மலையை நடத்திவந்தது. அடிவாரமும் வண்டி நிறுத்தும் இடமும் அவர்களுடைய சொந்தம், மேலே சறுக்குகிற சரிவுகள் மட்டும் குத்தகை. வருஷக் குத்தகை சுமார் 1 லட்சத்து 55 ஆயிரம் டாலர், அந்த மலைக்கு அது சில்லறைக் காசு. 2011இல் குத்தகையைப் புதுப்பிக்கும் கடிதம் கெடு தாண்டிச் சில நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. நில உரிமையாளரான டாலிஸ்கர், குத்தகை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2013இல் டாலிஸ்கர் பக்கத்து மலையை வேல் கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்து, இந்த வழக்கு நிலத்தையும் அந்த ஒப்பந்தத்திலேயே சேர்த்தார்கள். குத்தகை காலாவதியானது செல்லும் என்று 2014இல் நீதிபதி சொன்னார். அப்புறம் பாருங்கள், மேலே ஒருவர், கீழே ஒருவர், இருவரும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டுமே பயனில்லை. கடைசியில் பவ்டர் தன் அடிவாரத்தையும் 18 கோடி 25 லட்சம் டாலருக்கு வேல் கம்பெனிக்கே கொடுத்துவிட்டு வெளியேறியது. அடுத்த வருஷம் பக்கத்து மலையையும் இதையும் ஒரு கேபிள் காரால் இணைத்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் பங்காளி வீட்டிலும் ஒரு தடவை பினாங்கிலிருந்து வரவேண்டிய ஒரே ஒரு கையெழுத்து மூன்று வாரம் தாமதமாகி, ஓடு மாற்ற வாங்கி வைத்திருந்த முன்பணம் திரும்பிப் போய், அந்த மழையில் இரண்டாம் கட்டு இடிந்தது. காகிதத்தை யாரும் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

பெரிய கம்பெனி வாங்கினால் அந்த ஊருக்கு நல்லதா கெட்டதா? நேராகச் சொல்லுங்கள். (கானாடுகாத்தான், ஓர் ஆச்சி)

ஆச்சி, நேராகச் சொல்கிறேன். மலைக்கு நல்லதுதான், ஆனால் ஊருக்கு நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு புது லிஃப்ட் போடப் பல லட்சம் டாலர் வேண்டும், செயற்கைப் பனி தூவும் யந்திரங்களுக்கும் பெரிய பணம் வேண்டும். ஒரு குடும்பம் மட்டும் நடத்துகிற மலையில் அந்தப் பணம் கிடையாது. கொலராடோவில் பனி பொய்த்தாலும் கனடாவில் விழும், அங்கேயும் பொய்த்தால் ஆஸ்திரேலியாவில் நம் ஆடி மாசத்தில் சீசன். நம் ஊரில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளில் சிலவற்றை ஹோட்டல்காரர்கள் எடுத்ததால்தான் அவற்றின் பர்மா தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போகாமல் நிற்கின்றன, அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கெட்டது, முடிவு எடுக்கிறவர் ஊரில் இல்லை. பேங்க் ஆஃப் மதுராவை நினைத்துப் பாருங்கள். கருமுத்து தியாகராசர் 1943இல் தொடங்கியது, 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்தது. பணம் பத்திரமாகத்தான் இருந்தது, வசதிகள் கூடின, ஆனால் அப்பச்சி பேரைச் சொன்னாலே எழுந்து நின்ற மேலாளர் அப்புறம் இல்லை. அந்த மலைகளிலும் அதே கதைதான், இன்னும் கடுமையாக. 2024 டிசம்பர் கடைசியில் பார்க் சிட்டியில் மலைப் பாதுகாவலர்கள் சுமார் 200 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடிபட்டவரைத் தூக்கி வருவதும், பனிச்சரிவு வராமல் வெடி வைத்து உடைப்பதும் அவர்கள் வேலை. ஆரம்பச் சம்பளம் மணிக்கு 21 டாலர், 23 ஆக்குங்கள் என்றார்கள். அந்த ஊரில் வீட்டு விலை என்ன தெரியுமா, இந்தச் சம்பளத்தில் ஒரு அறைகூட வாடகைக்குக் கிடைக்காது. கிறிஸ்துமஸ், புது வருஷக் கூட்டம் லிஃப்ட் வரிசையில் மணிக்கணக்காக நின்றது. கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்துத்தான் கம்பெனி இறங்கி வந்தது. உயிரைக் காப்பாற்றுகிறவனுக்கு இரண்டு டாலர் கூட்டிக் கொடுக்க அவ்வளவு யோசித்தது தப்பு, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சின்ன இடத்திலும் இது நடக்கும். நியூயார்க் மாநிலத்தில் சிரக்கூஸ் பக்கம் இரண்டு மலை வைத்திருந்த ஒரு கம்பெனி, 2021இல் போட்டியாக இருந்த டோகன்பர்க் என்ற மூன்றாவது மலையை வாங்கி, வாங்கிய கையோடு மூடிவிட்டது. மாநில அரசு வழக்கே போட்டது. பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்த மலையை, போட்டி வேண்டாம் என்பதற்காக மூடுவது என்ன நியாயம்?

அடுத்து எது விலைக்கு வரும்? உங்கள் ஊகம் என்ன? (தேவகோட்டை வாசகர்)

ஊகம்தான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேல் ரிசார்ட்ஸ் அமெரிக்காவுக்குள் இனி பெரிதாக வாங்காது என்று நினைக்கிறேன். 2021 கடைசியில் இருந்த பங்கு விலை 2025இல் பாதிக்கும் கீழே போய்விட்டது, கம்பெனியை வளர்த்த பழைய தலைவர் ராப் காட்ஸையே மே மாதத்தில் திரும்பக் கூட்டிவந்தார்கள். வீட்டைச் சரிசெய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டை வாங்க அல்ல. வாங்கினால் ஐரோப்பாவில்தான், 2022இல் சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்டில் 55 விழுக்காடு வாங்கியதிலேயே அந்தத் திசை தெரிகிறது. பிரான்சில் நுழைவது கஷ்டம், அங்கே லிஃப்ட் என்பது சட்டப்படி பொதுச்சேவை, ஊராட்சிதான் குத்தகை விட வேண்டும்.

இரண்டு பெரியவர்களும் ஒன்றாகிவிடுவார்களா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நடக்காது. 1997இல் வேல் கம்பெனி பிரெக்கன்ரிட்ஜையும் கீஸ்டோனையும் வாங்கியபோதே, அரபஹோ பேசின் என்ற மலையை விற்றால்தான் ஆச்சு என்று அமெரிக்க நீதித்துறை நின்றது. அந்த மலையை 2024இல் வாங்கியது அல்டெரா. அல்டெராவுக்குப் பின்னால் இருப்பது முதலீட்டு நிறுவனம், என்றைக்காவது பணத்தை வெளியே எடுத்தாக வேண்டும், அதனால் அடுத்த பெரிய செய்தி அல்டெரா பங்குச்சந்தைக்கு வருவதாக இருக்கலாம். கடன்தான் பயம். 1990களில் அமெரிக்கன் ஸ்கீயிங் கம்பெனி என்று ஒன்று கடன்மேல் கடன் வாங்கி மலைகளைச் சேர்த்தது, 2007க்குள் ஒவ்வொன்றாக விற்றுக் காணாமலே போனது. வட்டி என்னவென்று நம் பக்கத்து ஜனங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது வேறு ஒரு போக்கு. பவ்டர் கம்பெனி 2024இல் வெர்மான்ட்டின் கில்லிங்டனை உள்ளூர் முதலீட்டாளர்களிடமே விற்றது. 2025இல் சுமார் 1,500 பேர் வாழும் நெடர்லாந்து என்ற கொலராடோ சிற்றூர், தன் பக்கத்து எல்டோரா மலையைத் தானே வாங்க முன்வந்தது.

நம் நாட்டில் இப்படி வருமா? (கோனாப்பட்டு வாசகர்)

இப்போதைக்கு இல்லை. குல்மார்க் கேபிள் கார் அரசு நிறுவனத்தினுடையது. மணாலியில் ஃபோர்டு குடும்பத்து ஆல்ஃபிரட் ஃபோர்டு ஒரு பெரிய பனிச்சறுக்கு ரிசார்ட் கட்ட வந்தார். 2006இல் குலு பள்ளத்தாக்கின் கிராம தெய்வங்களையெல்லாம் கூட்டி வைத்துக் குறி கேட்டார்கள், தெய்வங்கள் வேண்டாம் என்றுவிட்டன. திட்டம் நடக்கவில்லை.

ஊர்க்காரர்களே சேர்ந்து மலையை வாங்கி நடத்தியது உண்டா? எங்கள் பூர்வீக வீட்டுக்கு 23 புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பங்கள், அதைக் காப்பாற்றவும் வழி தேடுகிறோம். (ஆத்தங்குடி வாசகர்)

உண்டு. வெர்மான்ட்டில் மேட் ரிவர் க்ளென். 1995இல் அதன் உரிமையாளர் அம்மா, பெரிய கம்பெனிக்குக் கொடுக்காமல் அங்கே சறுக்குகிறவர்களின் கூட்டுறவுக்கே விற்றார். அங்கே 1948இல் போட்ட, ஒருவர் மட்டும் உட்காரும் லிஃப்ட் பழுதானபோது, வேகமான புது லிஃப்ட் வேண்டாம், இதையே செப்பனிடுவோம் என்று நன்கொடை திரட்டி 2007இல் சரிசெய்தார்கள். நம் நகரத்தார் கோயில்களைப் புள்ளி வரி போட்டு நடத்துவது மாதிரிதான்.

உங்கள் 23 புள்ளிக்கும் இது முடியும். ஒரு டிரஸ்டாகப் பதிவு செய்யுங்கள், வருஷப் பராமரிப்புக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று எழுதிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் பவர் பத்திரம் இப்போதே வாங்கி வையுங்கள். இந்த ஏற்பாட்டுக்கு முன்பே யாராவது தன் பங்கை விற்க நினைத்தால் முதலில் மற்ற புள்ளிகளிடம்தான் கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள், கையெழுத்துக்கான கெடு தேதியை வீட்டு வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள்.